கலத்தில் விழுந்த ஊன்

வைசாலி நகரில் ஒருநாள் நிர்க்கிரந்தத் துறவியர் தெருத்தெருவாகச் சென்றனர். முச்சந்திகளில் நின்று கைகளை உயர்த்தி அரற்றினர். சீகன் என்னும் படைத்தலைவன் பெரிய விலங்கொன்றைக் கொன்று கோதமருக்கு விருந்து சமைத்திருக்கிறான், தன் பொருட்டே அது கொல்லப்பட்டது என்று அறிந்தும் கோதமர் உண்கிறார் என்பது அவர்கள் முறையீடு. சீகனின் வீட்டில் அப்போது விருந்து நடந்துகொண்டிருந்தது. ஒருவன் வந்து அவன் காதோடு செய்தியைச் சொன்னான். சீகன் அதைப் பொருட்படுத்தவில்லை. உயிர் போவதாயினும் வேண்டுமென்றே ஓர் உயிரைக் கொல்லமாட்டேன் என்று மறுமொழி கூறிவிட்டு விருந்தைத் தொடர்ந்தான்.

பாலி விநய பிடகத்தின் மகாவக்கமும் அங்குத்தர நிகாயமும் சொல்லும் கதை இது. எனவே இது ஒரு தரப்பாரின் கூற்று என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் ஊன் உண்பாரும் உண்ணாரும் ஒரே விருந்தைச் சுற்றி நின்று வழக்காடிய காட்சிகளில் இது மிகப் பழையது, மிகத் தெளிவானதும்கூட. கொன்றவன் ஒருவன், வாங்கிச் சமைத்து இட்டவன் ஒருவன், உண்டவன் ஒருவன். மூவருக்கும் இடையே கொலைப்பழி எங்கே தங்குகிறது? விருந்தினன் தனக்கு இடப்பட்டதை மறுப்பது அறமா, மறுக்காமல் ஏற்பது அறமா? இன்றும் நம் வீட்டு விருந்துகளில் பாதி வேடிக்கையாகவும் பாதி மனத்தாங்கலோடும் எழும் கேள்விகள்தாம் இவை. தமிழ்க் காப்பியங்களும் அற நூல்களும் இக்கேள்விகளைத் தீவிரமாக எடுத்து விவாதித்திருக்கின்றன என்பதை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

சீகன் முன்பு நிர்க்கிரந்தர்களின் அடியவன். வைசாலியின் பெருமனிதர்களுள் ஒருவன். அவன் புத்தரிடம் வந்து தன்னை அடியவனாக ஏற்கும்படி வேண்டியபோது, உன்னைப் போன்ற பெயர்பெற்றவர்கள் நன்கு ஆராய்ந்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று அவர் தடுத்தார். அவன் உறுதியாக நின்றபோது இன்னொன்றும் சொன்னார். நிர்க்கிரந்தர்களுக்கு உன் வீடு நெடுங்காலம் நீர்நிலை போல இருந்திருக்கிறது. அவர்கள் வந்தால் இனியும் சோறிட வேண்டும் என்பது அது. கொள்கை மாறியதற்காகப் பழைய விருந்தினர்க்குக் கதவடைக்கக் கூடாது என்ற இந்த நயத்தை, பின்னர் நிகழ்ந்த பூசலைவிட நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

விருந்து நாளில் சீகன் ஓர் ஏவலனை அனுப்பி, ஏற்கெனவே விற்பனைக்கு இருக்கும் இறைச்சியை வாங்கிவரச் சொன்னான் என்கிறது மகாவக்கம். அந்த ஒரு சொல்லில்தான் வழக்கே அடங்கியிருக்கிறது. சந்தையில் கிடந்த இறைச்சி எவருக்காகவும் குறிப்பிட்டுக் கொல்லப்பட்டதன்று என்பது பௌத்தர் கட்சி. இந்நிகழ்ச்சியை ஒட்டி விதியும் பிறந்தது. தன் பொருட்டுக் கொல்லப்பட்டதென்று அறிந்த ஊனைத் துறவி உண்ணலாகாது. கொலையைக் காணாமலும், தனக்காகக் கொன்றார்கள் என்று கேளாமலும், அவ்வாறு ஐயுறாமலும் இருந்தால் உண்ணலாம். மும்மையில் தூயது என்று இதற்குப் பெயர்.

இவ்விதியின் வேர் பிச்சைக் கலத்தில் இருக்கிறது. பிறர் இடுவதைக் கொண்டு உயிர்வாழ்பவன் இது வேண்டும், அது வேண்டாம் என்று தேர்ந்தால் அவன் இரவலன் ஆகமாட்டான். பொன்னன் இடுவதும் ஏழை இடுவதும் ஒரே கலத்தில் ஒன்றாக விழவேண்டும். தேவதத்தன் சங்கத்துக்கு ஐந்து கடும் நெறிகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டான். வாழ்நாள் முழுதும் மீனும் ஊனும் விலக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வீடுகளுக்கு விருந்தழைப்பை ஏற்றுச் செல்லக்கூடாது, பிச்சையேற்றே உண்ணவேண்டும் என்பது மற்றொன்று. விரும்புகிறவன் கடைப்பிடிக்கட்டும், கட்டாயமாக்க மாட்டேன் என்று புத்தர் மறுத்தார். இரு நெறிகளும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டுமே துறவிக்கும் இல்லறத்தானுக்கும் நடுவிலுள்ள பந்தியைக் குறுக்குபவை.

ஆனால் கேளாமல் உண்பதற்கும் ஓர் எல்லை வந்தது. காசியில் சுப்பியை என்ற இல்லறத்தாள் நோயுற்ற துறவி ஒருவருக்கு ஊன்சாறு தருவதாக வாக்களித்தாள். அன்று உயிர்க்கொலை தடைசெய்யப்பட்ட நாள். ஊரெங்கும் இறைச்சி கிடைக்கவில்லை. சொன்ன சொல் தவறக்கூடாது என்று அவள் தன் தொடையை அரிந்து சமைத்து அனுப்பினாள். துறவி அறியாமல் உண்டார். செய்தி தெரிந்ததும் புத்தர் அத்துறவியிடம் கேட்டது ஒன்றுதான்: இது என்ன ஊன் என்று விசாரித்தாயா? விசாரிக்கவில்லை என்றதும் கடிந்துகொண்டார். இனி விசாரியாமல் எந்த ஊனையும் உண்ணலாகாது என்று விதித்தார். காணாமை, கேளாமை, ஐயுறாமை என்னும் விதி கண்ணை மூடிக்கொள்ளும் உரிமையாகத் திரிந்துவிடக்கூடும் என்பதை அம்மரபு அறிந்தே இருந்தது.

பாவா நகரத்துக் கொல்லன் சுந்தன் அளித்த இறுதி உணவையும் இங்கே கருதவேண்டும். சூகரமத்தவம் என்ற அவ்வுணவு பன்றியின் மென்மையான ஊனா, பன்றி விரும்பும் காளான் அல்லது கிழங்கா என்பதில் உரையாசிரியர்கள் காலம் முதலே கருத்து வேற்றுமை உண்டு. அது எதுவாயினும் ஆகட்டும். அவ்வுணவைத் தனக்கு மட்டும் இடச்செய்து மிச்சத்தைப் புதைக்கச் சொன்ன புத்தர், பின்னர் நோய் முற்றிய நிலையில் ஆனந்தனிடம் சுந்தனைப் பற்றியே பேசினார். தான் இட்ட சோறு ஆசானைக் கொன்றது என்று அவன் வருந்தக்கூடாது. ஞானம் பெறுமுன் உண்ட உணவுக்கும் மறையுமுன் உண்ட உணவுக்கும் பயன் ஒன்றே என்று அவனுக்குச் சொல்லவேண்டும் என்றார். இட்டவன் மனம் கோணாமல் காக்கும் கடமையை இதற்கு மேல் கொண்டுசெல்ல முடியாது.

*

பௌத்தரும் சமணரும் தமிழகத்தில் கால்கொண்ட காலத்தில் இங்கே நிலவிய விருந்து மரபு வேறு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த ஊனை இரவும் பகலும் தின்று பொருநனின் பற்கள் மழுங்கிப்போகின்றன. அந்தணராகிய கபிலரே சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனுக்குத் தம் கைகள் மென்மையாக இருப்பதன் காரணத்தைச் சொல்லும்போது, ஊனும் சோறும் உண்ணும் வேலையன்றி அவை வேறு வேலை அறியாதவை என்கிறார் புறநானூற்றில். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வழிப்பயணம் இன்னும் சுவையானது. காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு எயினர் குடியில் உலர்ந்த ஊனோடு சோறு. வலைஞர் குடியில் கள்ளும் மீனும். அந்தணர் இல்லத்தில் நல்லரிசிச் சோறும் மாதுளங்காய்ப் பொரியலும் மாவடுவும். பாணன் எங்கும் எதையும் மறுப்பதில்லை. விருந்தினன் இருக்கும் நிலத்தின் உணவே அவன் உணவு. ஊன் உண்ணாமை அங்கே ஒரு குடியின் வழக்கம் மட்டுமே. அது மற்றவர் தட்டை நோக்கி எழுப்பும் கேள்வியாக இன்னும் ஆகவில்லை.

அக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியது திருக்குறள். புலால் மறுத்தல் அதிகாரத்தில் ஒரு குறள் தின்பவனுக்கும் விற்பவனுக்கும் உள்ள உறவை நேராகத் தொடுகிறது. தின்பதற்காகக் கொள்வார் உலகில் இல்லையெனில் விலைக்கு ஊன் தருவாரும் இல்லை என்பது அதன் கருத்து. சீகனின் ஏவலன் சந்தைக்குச் சென்றானே, அவனுக்கான மறுமொழி இது. சந்தையில் கிடந்த ஊன் எவருக்காகவும் கொல்லப்பட்டதன்று என்பது சரியன்று; வாங்க வருகிற எவருக்காகவும் கொல்லப்பட்டது அது. பெயர் குறிப்பிடாத அழைப்பிதழ் போல.

வள்ளுவர் இவ்வதிகாரத்தைத் துறவறவியலில் வைத்திருக்கிறார். விருந்தோம்பல் இல்லறவியலில் இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் மோதுவதில்லை. ஆனால் விலைகொடுத்து வாங்குபவனைப் பற்றிய வாதம் துறவியோடு நிற்கக்கூடியதன்று. கையில் காசு வைத்திருப்பவன் இல்லறத்தான் அல்லவா? அதிகாரப் பகுப்பைத் தாண்டி அந்தக் குறள் இல்லறத்தானின் அடுக்களைக்குள் நுழைந்துவிடுகிறது.

சமணர் இந்த வாதத்தை ஆயுதமாகவே பயன்படுத்தினர். நீலகேசி என்னும் நூல் முழுவதும் வாதப்போர். பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு எதிராக எழுதப்பட்டது. குண்டலகேசி சில பாடல்கள் எஞ்ச அழிந்துபோயிற்று. நீலகேசி சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு நமக்குக் கிடைத்திருக்கிறது. அ. சக்கரவர்த்தி நயினார் அதனை 1936இல் பதிப்பித்தார். உரையாசிரியர் திருக்குறளை எம்மோத்து என்று, அதாவது எங்கள் மறை என்று, உரிமையோடு சுட்டுவது பலரும் அறிந்த செய்தி.

நூலின் தொடக்கமே பலியைப் பற்றியது. காளிக்கு உயிர்ப்பலி கொடுக்க வந்தவர்களிடம் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் மண்ணால் செய்த உருவங்களைப் படைக்கச் சொல்கிறார். பலி தவறிய காளி அவரை விரட்டப் பழையனூர் நீலகேசியை அழைக்கிறாள். அச்சுறுத்த வந்த பேய் முனிவரிடம் தோற்று அவருக்கே மாணவியாகிறது. பின்பு பௌத்த ஆசிரியர்களைத் தேடிச்சென்று வாதிட்டு வெல்கிறது. ஊன் வாதம் அதில் முக்கியமான இடம் பெறுகிறது. கொல்லாமல் உண்பதில் தீங்கில்லை என்பது பௌத்தர் தரப்பு. உண்பவன் இருப்பதனால்தான் கொல்பவன் இருக்கிறான் என்பது நீலகேசியின் விடை. அப்படியானால் நீங்கள் மயிற்பீலியைக் கையில் ஏந்துவது எப்படி என்று எதிர்க்கேள்வி வருகிறது. மயில் தானே உதிர்ப்பது பீலி. ஊன் தானே உதிர்வதில்லை.

சமணரின் உணவுநெறியிலும் பௌத்தரின் விதிக்கு இணையான ஒன்று உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்வதே நியாயம். தனக்கென்று சமைத்ததைத் துறவி ஏற்கலாகாது என்பது அது. மலரை வருத்தாமல் தேன் கொள்ளும் வண்டினைப் போலத் துறவி பிச்சை கொள்ளவேண்டும் என்று தசவைகாலிக சூத்திரம் தொடங்கும்போதே சொல்கிறது. செடிகொடிக்கும் உயிருண்டு என்பவர்கள் சமணர். அவ்வுயிர்கள் அரியப்பட்டதும் வெந்ததும் என் பொருட்டன்று என்ற தெளிவில்தான் சமணத் துறவியும் உண்கிறார். ஆக, முழுமையாகப் பழியற்ற கவளம் எவர் கலத்திலும் இல்லை. கோடு எங்கே விழவேண்டும் என்பதில்தான் சண்டை.

*

இவ்விரு தரப்புக்கும் நடுவே ஒரு விருந்துக் காட்சியை மணிமேகலை தருகிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்குகிறான். ஆடையற்றவர்கள், மனிதரைத் தின்பவர்கள். அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருப்பதால் உயிர் தப்புகிறான். நாகர் தலைவன் வழக்கப்படி விருந்து அளிக்க முற்படுகிறான். பெண்ணும் கள்ளும் ஊனும் வேண்டுமளவு கொடுங்கள் என்று ஆணையிடுகிறான். சாதுவன் பதறி மறுக்கிறான்.

இங்கே தலைவனின் கேள்வியைச் சாத்தனார் கேலிப்பொருளாக்கவில்லை. பெண்டிரும் உணவும் இல்லையென்றால் மனிதர்க்கு உலகில் வேறென்ன பயன் என்று அவன் உண்மையாகவே கேட்கிறான். தந்த விருந்து மறுக்கப்பட்ட சினம் அவனிடம் இருக்கிறது. ஆயினும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விருப்பமும் இருக்கிறது. சாதுவன் பிறப்பும் இறப்பும் மறுபிறப்பும் பற்றிப் பேசுகிறான். இறுதியில், எங்களுக்கு ஏற்ற அறம் எதுவோ அதைச் சொல் என்கிறான் தலைவன். சாதுவன் சொல்வது மிகச் சுருக்கம். கலம் உடைந்து கரை சேர்பவர்களைக் கொல்லாதே. மூத்து இறக்கும் விலங்குகளை அன்றி மற்ற உயிர்க்குத் தீங்கு செய்யாதே.

இந்த இரண்டாவது அறிவுரையை ஆராய்ந்து பார்க்கவேண்டும். ஊனை முற்றும் விடு என்று சாதுவன் சொல்லவில்லை. பாலி விதியைப் போல உண்பவனின் அறிவை அளவுகோலாக்கவும் இல்லை. விலங்கு எப்படி இறந்தது என்பதை அளவுகோலாக்குகிறான். கேட்பவரின் நிலம், பழக்கம், பசி அனைத்தையும் எண்ணிப்பார்த்து, அவர்களால் எடுத்துவைக்கக்கூடிய ஓரடியைக் காட்டுகிறான். விருந்தை மறுத்தவனுக்குத் தலைவன் சந்தனமும் அகிலும் துகிலும் கொடுத்து அனுப்புகிறான். உணவை மறுத்தும் விருந்துறவு முறியாத காட்சி இது.

இதற்கு நிகரான நிகழ்ச்சி ஒன்று வரலாற்றில் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா நோக்கிப் புறப்பட்ட யுவான் சுவாங் வழியில் கூச்சா நாட்டை அடைந்தார். அரசன் விருந்தளித்தான். மும்மையில் தூய ஊனும் அதில் இருந்தது. அந்நாட்டுத் துறவியர் உண்பது அதுவே. யுவான் சுவாங் அதை ஏற்கவில்லை. அரசன் வியப்படைந்தான். இது படிப்படியான போதனையில் அனுமதிக்கப்பட்டதுதான், நான் பயிலும் மகாயானம் அனுமதிப்பதில்லை என்று அவர் விளக்கிவிட்டு மற்ற உணவுகளை ஏற்று உண்டார் என்று அவருடைய சரிதம் கூறுகிறது. அரசனின் துறவியரைப் பாவிகள் என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் உண்பதற்கும் நூலாதாரம் உண்டு என்று ஒப்புக்கொண்டு தன் தட்டை மட்டும் விலக்கினார்.

அவர் பின்பற்றிய மகாயானத்தின் இலங்காவதார சூத்திரம் புத்தரையும் இராவணனையும் இலங்கையில் சந்திக்க வைக்கிறது. ஊன் மறுப்புக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. உண்பவர் இல்லையேல் கொல்பவர் இல்லை என்ற வாதம் அங்கும் வருகிறது. சமணர் தொடுத்த கணையைப் பௌத்தத்தின் ஒரு கிளை தானே கையில் எடுத்துக்கொண்டது. யுவான் சுவாங் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதும்போது அங்கே பௌத்த மடங்கள் பல இருந்ததையும் நிர்க்கிரந்தர் மிகுந்திருந்ததையும் குறிப்பிடுகிறார். ஒரே தெருவில் இரு வகைக் கலங்களும் நடமாடிய நகரம் அது. நீலகேசியின் வாதங்கள் வெறும் ஏட்டுக் கற்பனை ஆகா.

*

காஞ்சியின் வாதங்கள் ஓய்ந்து சைவம் மேலோங்கிய பிறகு எழுந்தது பெரியபுராணம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய சிறுத்தொண்டர் வரலாற்றை இந்த வரிசையில் வைத்துப் படித்தால் அதன் அச்சம் புதிதாகத் தெரிகிறது. அடியார்க்குச் சோறிடாமல் உண்ணாத சிறுத்தொண்டர் வீட்டுக்குப் பைரவக் கோலத்தில் விருந்தினர் வருகிறார். ஐந்து வயதுடைய, ஒரு குடிக்கு ஒரே மகனான சிறுவனைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து சமைக்கவேண்டும் என்கிறார். சமைக்கிறார்கள். அவர் தனியே உண்ணமாட்டேன், நீயும் அருகில் அமர் என்கிறார். பிறகு உன் மகனையும் அழை என்கிறார். அழைத்ததும் சீராளன் ஓடிவருகிறான். உள்ளே வந்து பார்த்தால் விருந்தினரும் இல்லை, கறியும் இல்லை.

பௌத்தரின் மூன்று தூய்மைகளும் இங்கே ஒவ்வொன்றாகத் தலைகீழாகின்றன. விருந்தினரே கொலையைக் கேட்கிறார். அவர் பொருட்டே கொலை நடக்கிறது. ஐயத்துக்கு இடமே இல்லை. விருந்தினன் கேட்டதை மறுக்கக்கூடாது என்ற நெறியை அதன் இறுதிவரை கொண்டுசென்றால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு இல்லை. பக்தர்கள் இதை ஈடில்லாத அர்ப்பணிப்பாக வாசிப்பர். அவ்வாசிப்புக்கு உரிய இடம் உண்டு. ஆனால் புலால் மறுத்த சைவக் குடிகள் நூற்றாண்டுகளாக இக்கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள் என்பதையும் நினைக்கவேண்டும். தட்டில் இருப்பது ஓர் உயிர், அதற்கும் ஒரு தாய் உண்டு என்பதை மறக்கவியலாதபடி செய்துவிடுகிறது இக்கதை.

ஊன் உண்ணாமைக்குத் தமிழில் சைவம் என்ற பெயரே நிலைத்துவிட்டது ஒரு வரலாற்று முரண். வாதத்தைக் கட்டியெழுப்பியவர்களில் பெரும்பங்கு சமணருடையது; பெயர் சைவத்துக்கு. அதே சைவத்தில் வேட்டைக்கறியைச் சுவைத்துப் பார்த்து ஈசனுக்கு ஊட்டிய கண்ணப்பரும் நாயனாராக வீற்றிருக்கிறார். இலங்கைத் தமிழர் மரக்கறி என்கிறார்கள். அச்சொல்லில் சமயமும் இல்லை, மேல்கீழும் இல்லை.

மேல்கீழ் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. சீகனும் சாதுவனும் யுவான் சுவாங்கும் நின்ற பந்தியில் கேள்வி உணவைப் பற்றியது. பிற்காலத்தில் அது உண்பவனைப் பற்றியதாயிற்று. ஊனை விலக்குதல் ஊன் உண்பவனை விலக்குதலாகவும், அதன் பின்னர் எதை உண்டாலும் பிறப்பால் விலக்குதலாகவும் இறுகியது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் இருவர் தனியே உண்ண அனுமதிக்கப்பட்டதை ஒட்டி 1924, 1925 ஆண்டுகளில் எழுந்த பெரும்பூசலில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டது ஊனைப் பற்றிய கேள்வி அன்று. யார் அருகில் யார் அமர்ந்து உண்பது என்ற கேள்வி. உயிர்க்கருணையில் பிறந்த ஒரு வழக்கம் மனிதனை மனிதன் அருகில் அமரவிடாமல் செய்யும் கருவியாகவும் பயன்பட முடியும் என்பதை நம் சமூகம் பந்தியில் நிரூபித்துக் காட்டியது.

இதனால் வள்ளுவரின் வாதம் வலுவிழந்துவிடுவதில்லை. விலை கொடுப்பவனுக்குக் கொலையில் பங்கில்லை என்று காட்டும் விடையை எந்தத் தரப்பும் முழு நிறைவாகத் தந்துவிடவில்லை என்றே நான் கருதுகிறேன். மும்மைத் தூய்மை ஒரு துறவியின் கலத்துக்கு வகுத்த விதி. சந்தைக்குக் காசோடு செல்பவர் அதன் நிழலில் ஒதுங்க முடியாது. அதேபோல ஊன் உண்ணாதவர் தம் தட்டின் தூய்மையைக் கொண்டு எதிரில் இருப்பவரை அளந்தால், தேவதத்தனின் நெறியைப் பிடித்துக்கொண்டு சீகனின் வீட்டு நீர்நிலையைத் தூர்த்தவர் ஆவார்.

சாதுவன் செய்தது இவ்விரண்டும் அல்ல. வைத்ததை உண்ணவில்லை; வைத்தவனை விட்டு எழுந்து போகவும் இல்லை. அமர்ந்து, அவன் மொழியில் பேசினான். நாகர் தலைவனும் கேட்டான்.